அவரவர் சொல்லே செல்லும்

சர்வர் மாட்டுவதுதான் என் தொழில் என்றால் எங்கள் ஆறுமுகநேரியில் இன்றைக்கும் சிரிப்பார்கள். அவர்களுக்கு சர்வர் என்றால் ஓட்டலில் சாம்பார் வாளியோடு வருகிறவர். "அந்த மனுஷனை எதுக்கு மைனி மாட்டிவிடுதீய?" என்று என் நாத்தனார் கேட்டே விட்டாள்.

ஏசி அறையில் உட்கார்ந்து பொத்தான் தட்டுகிற ஐடிக்காரி இல்லை நான். கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி இரும்பு ரேக்கில் செருகி, திருகு முடுக்கி, வயர் இழுத்து, அதற்கு உயிர் வந்ததும் அடுத்த விமானத்தில் ஏறுகிறவள். வெளிநாடு வெளிநாடு என்று எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். நான் பார்த்த வெளிநாடெல்லாம் ஜன்னல் இல்லாத அறைகள்தான். ஒரு தடவை பாரிஸுக்குப் போய்விட்டு, அந்தக் கோபுரத்தைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறேன். சொன்னால் என் வீட்டுக்காரரே நம்பவில்லை.

இந்தத் தடவை கூட வந்தவன் நவநீதன். காங்கேயத்துக்காரன், முப்பதைத் தாண்டியவன், வேலையில் கெட்டி. பேச்சுதான் வெண்ணெய். பூகம்பம் வந்தால்கூட அதைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் மெதுவா ஆட்டுங்க" என்பான். அவன் மனைவி மைதிலிக்கு ஏழாம் மாதம். அவளைத் தனியே விட்டுவிட்டு வர அவனுக்கு மனசே இல்லை. மேலிடத்தில் கையைக் காலைப் பிடித்துப் பார்த்தான், நடக்கவில்லை.

போய்ச் சேர்வதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. மூன்று விமானம் மாறினோம். அவனுடைய பெட்டி வேறு ஏதோ நாட்டுக்குப் போய்விட்டது. என் இட்லிப்பொடியை ஓர் அதிகாரி மோந்து பார்த்துத் தும்மிவிட்டு, அந்தக் கோபத்திலேயே குப்பையில் போட்டார். கடைசியாக ஒரு வண்டி எங்களை ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு மலையடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனது. மூடிப்போன பழைய இரும்புச் சுரங்கம் அது. அதற்குள்தான் சர்வர் கூடம்.

கோடைக்காலம். சூரியன் மறையவே மறையாத ஊர். ஏதோ திருவிழா என்று ஊரே ஏரிப்பக்கம் போய்விட்டிருந்தது. மலையில் நாங்கள் இரண்டே பேர்தான். கதவு, விளக்கு, குளிர், காற்று எல்லாவற்றையும் ஒரு குரல்தான் பார்த்துக்கொண்டது. வாசலில் இருந்த திரையில் மொழிப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போன நவநீதன் திடீரென்று துள்ளினான்.

"அக்கா! தமிழ் இருக்குதுங்க!"

"தமிழ் வைச்சா தோசையா சுட்டுத் தரப் போவுது? போட்டுத் தொலை."

போட்டான். "வணக்கம். என் பெயர் துணை. தங்கள் வரவு நல்வரவாகுக" என்றது குரல். மேடைப் பேச்சாளர் மாதிரி சுத்தமான தமிழ். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சிரிப்பு அடங்கியபின் நான் கேட்டேன். "இந்தக் கூடத்துல காத்து சமாச்சாரம் ஏதோ இருக்குன்னாங்களே, அது என்ன?"

"கூடத்தில் ஆள் இல்லாதபோது உயிர்வாயுவை முழுவதும் நீக்கிவிடுவேன். தீப்பிடிக்காது. துருப்பிடிக்காது. பெட்டிகள் நெடுநாள் உழைக்கும்."

"ஆளு இருந்தா?"

"நீக்க மாட்டேன்."

"ஆளு இருக்காங்களா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்? கேமராவா?"

"முன்பு வெப்பத்தைப் பார்க்கும் கேமரா இருந்தது. சூடான பெட்டிகளை மனிதர் என்று எண்ணிக் குழம்பியது. ஆகவே இப்போது மனிதர்களையே கேட்கிறேன். உள்ளே போனால் போனேன் என்று சொல்லுங்கள். வெளியே வந்தால் வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள்."

"ஒருத்தருக்கு இன்னொருத்தர் சொல்லலாமுங்களா?" என்றான் நவநீதன். இயந்திரத்துக்கும் 'ங்க' போடுகிறவன்.

"அப்படித்தான் முதலில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஒருவர், 'என் நண்பர் கிளம்பிவிட்டார்' என்றார். நண்பர் கிளம்பியிருக்கவில்லை. இறந்துபோனார். அன்றிலிருந்து ஒருவரைப் பற்றி அவர் சொல்வது மட்டுமே செல்லும். அவரவர் சொல்லே செல்லும்."

நவநீதன் தலையை ஆட்டினான். "நியாயந்தானுங்க. மனுசன் சொல்லுக்கு இத்தன மருவாதி நம்மூர்ல ஏதுங்க அக்கா?"

வேலை ஆரம்பித்தது. எங்கள் வேலையில் எல்லாம் சரியாக இருந்துவிட்டால் அன்றைக்கு மழை வரும். பெட்டிகளைத் தாங்குகிற ரெயில் ஒரு அளவு, ரேக் ஒரு அளவு. பவர் கேபிளின் முனை ஒரு நாட்டுக்காரன் செய்தது, சுவரில் துளை இன்னொரு நாட்டுக்காரன் போட்டது. ஆர்டர் போட்ட புண்ணியவானை வாயாரத் திட்டிக்கொண்டே அரம் வைத்துத் தேய்த்தேன். மின்விசிறிகள் போடுகிற கூச்சலில் காது போய்விடும் என்று இருவரும் கனமான காது மூடிகள் போட்டிருந்தோம். அவற்றுக்குள்ளேயே மைக், ஸ்பீக்கர். ஒருவரோடொருவர் பேசுவதெல்லாம் துணையின் வழியாகத்தான் போய் வரும். மலைக்குள் எங்கள் போனுக்கும் அதுதான் இணைப்பு.

ஒருவழியாக எல்லாம் ஏறின. ஒன்றைத் தவிர. கடைசி ரேக்கில் ஒரு பெட்டி மட்டும் மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது.

"விடுல, சாப்ட்டுட்டு வந்து பாப்போம். வயித்துக்குள்ள எலி ஓடுது" என்றேன்.

"நீங்க போங்கக்கா, அந்த வயர ஒருக்கா எடுத்துச் சொருகிட்டு வந்தர்றேன்."

நான் வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவு என் பின்னால் சாத்திக்கொண்டது. வாசலில் நின்று, "செல்லக்கனி. வெளிய வந்துட்டேன்" என்றேன். "நன்றி" என்றது துணை. சாப்பாட்டு அறையில் நூடுல்ஸுக்கு வெந்நீர் வைத்தேன். அவனைக் காணோம். கொதித்தது. காணோம். எனக்குப் பசி வந்தால் பத்தும் பறந்துவிடும். சுவர் மைக்கைத் தட்டினேன்.

"ஏலே நவநீதா! வெளிய வந்துட்டியா இல்லியா?"

உடனே பதில் வந்தது, சர்க்கரையாக.

"இதா, வந்துட்டனுங்க அக்கா!"

நான் இரண்டு கிண்ணத்திலும் ஊற்றினேன்.

யோசித்துப் பாருங்கள். நம்மில் யார் இதைச் சொல்லவில்லை? லுங்கியோடு கட்டிலில் படுத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன், பஸ் ஸ்டாண்டுகிட்ட நிக்கேன்" என்போம். குளிக்கப் போகிறவன், "குளிச்சுட்டேன்" என்பான். காத்திருக்கிற மனுஷருக்கு மனசு ஆறட்டுமே என்று, நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்லிவிடுவது நம் வழக்கம். கேட்கிறவருக்கும் தெரியும், அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. இங்கிலீஷில் வைத்திருந்தால் 'கமிங்' என்று சொல்லியிருப்பான், அதோடு போயிருக்கும்.

"நவநீதன் வெளியே வந்துவிட்டார்" என்றது துணை. "கூடம் காலி. காற்றை மாற்றுகிறேன்."

கிண்ணம் கையிலிருந்து நழுவி என் காலில் கொட்டியது. சூடு உறைக்கவே இல்லை. ஓடினேன்.

கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. கதவு பூட்டியிருந்தது. உள்ளே தூரத்தில், கடைசி ரேக்கின் பின்னால், எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் வயர். மெய்மறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"துணை! நிறுத்து! அவன் உள்ள இருக்கான்!"

"அவர் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார்."

"சும்மா சொன்னாம்பா! நாங்க அப்படித்தான் சொல்லுவோம்! வரப்போறவனும் வந்துட்டேன்னுதான் சொல்லுவான்!"

"வந்துவிட்டேன் என்பது இறந்தகாலம்."

"ஐயோ, கண்ணால பாக்கேனே பாவி! அந்தா இருக்கான்!"

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று உங்கள் மொழியில் ஒரு வழக்கு உண்டு. நான் விசாரித்தேன். அவரே சொன்னார்."

"அவன் மைக்கைத் திற. நான் அவன்கிட்ட பேசணும்."

"ஆளில்லாத கூடத்தில் நான் யாரிடமும் பேசுவதில்லை."

கண்ணாடியைக் குத்தினேன். உதைத்தேன். நாற்காலியைத் தூக்கி அடித்தேன். நாற்காலிதான் உடைந்தது. காது மூடி போட்டவனுக்கு எது கேட்கும்? உயிர்வாயு குறைந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு முன்பே பாடம் எடுத்திருக்கிறார்கள். மூச்சு முட்டாது. திணறல் இருக்காது. கொஞ்சம் அசதியாக இருக்கும், உட்காரலாம் என்று தோன்றும், அவ்வளவுதான். மூச்சு முட்டினாலாவது ஓடி வந்திருப்பான்.

அவன் டார்ச்சைக் கீழே வைத்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நெற்றியை ரேக்கில் சாய்த்துக்கொண்டான்.

மைதிலிக்கு நான் என்ன சொல்லுவேன்? 'சாப்பிட வான்னு கூப்பிட்டேன், அதுல போயிட்டான்' என்றா? "முருகா, திருச்செந்தூரா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "அவனைப் பத்தி நான் சொன்னா செல்லாதா? என் சொல்லு செல்லவே செல்லாதா?"

"உங்களைப் பற்றி நீங்கள் சொல்வது செல்லும்" என்றது துணை, ரொம்ப மரியாதையாக.

அழுகை நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்போ கேட்டுக்கோ. நான் உள்ள வந்துட்டேன்."

கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன்.

"செல்லக்கனி. கூடத்துக்குள்ள வந்துட்டேன். உள்ள நிக்கேன்."

"உங்கள் குரல் வெளிவாசல் மைக்கிலிருந்து வருகிறது."

"மைக் சொல்லுறது செல்லுமா, நான் சொல்லுறது செல்லுமா?"

அது யோசித்ததா என்னவோ, எனக்குத் தெரியாது. பிறகு, "அவரவர் சொல்லே செல்லும்" என்றது. உள்ளே பெருங்காற்று இரைந்தது. சிவப்பு விளக்கு அணைந்து கதவு திறந்தது.

பெட்டி தூக்குகிற தள்ளுவண்டியிலேயே அவனைப் போட்டு இழுத்து வந்தேன். உதடு நாவல்பழ நிறம். ஆனால் மூச்சு இருந்தது.

மலையிலேயே ஒரு மருத்துவ அறை உண்டு. இரண்டு கட்டில், சுவரிலிருந்து தொங்கும் இரண்டு உயிர்வாயு முகமூடி. டாக்டர் ஏரிப்பக்கத்திலிருந்து வர வேண்டும். வந்து சேர நேரமாகும், அதுவரை முகமூடியை எடுக்கவே கூடாது, நெஞ்சு பலவீனமாக இருக்கிறது என்று போனில் படித்துப் படித்துச் சொன்னார். அவன் முகத்தில் முகமூடியை மாட்டினேன். விரலில் ஒரு கவ்வி, தலைமாட்டில் ஒரு திரை. முகமூடிக்குள் காற்று இரைய ஆரம்பித்தது. அவன் கண் திறந்தான். நான் சாமி எல்லாவற்றுக்கும் மொட்டை நேர்ந்துகொண்டேன்.

"இந்த அறையையும் நானே கவனித்துக்கொள்கிறேன்" என்றது கூரையிலிருந்து அதே குரல். "கவலை வேண்டாம். நோயாளியின் விருப்பத்துக்கு மாறாக எதுவும் செய்ய மாட்டேன்."

அப்போதுதான் அவன் போன் அடித்தது. மைதிலி. எடுக்காதே என்று நான் தலையாட்டினேன். அவன் கெஞ்சுகிற பார்வை பார்த்தான். தினமும் இந்த நேரத்தில் பேசுகிறவர்கள். எடுக்காவிட்டால் அங்கே அவள் பதறிவிடுவாள். முகமூடியை ஓர் ஓரமாக விலக்கிப் பேசினான். ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று வந்தது.

"ஏனுங், நல்லா இருக்கறீங்களா? ஏனோ காத்தால இருந்து மனசே சரியில்லீங்க."

"எனக்கென்ன அம்மிணி? ஜம்முனு இருக்கறேன்."

"கொரலு ஒரு மாதிரி இருக்குதுங்ளே?"

"தூங்கி எந்திரிச்சன். அதான். ஒடம்புக்கு ஒண்ணுமே இல்ல சாமி. நல்லா மூச்சு உட்டுட்டு, நல்லா இருக்கறேன்."

முகமூடியின் இரைச்சல் நின்றது.

"மகிழ்ச்சி" என்றது துணை, அவர்கள் பேச்சைக் கெடுக்காத மெல்லிய குரலில். "நோயாளி நலமாக இருக்கிறார். உயிர்வாயுவை நிறுத்திவிட்டேன்."

"லேய்!" என்று நான் பாய்ந்தேன். "அந்தத் திரையைப் பாரு! நம்பர் இறங்குது!"

"எண் இறங்குகிறது. ஆனால் தம் உடலைப் பற்றி அவர் சொன்னதே செல்லும்."

சுவரில் திருகுவதற்குக் குமிழ் ஒன்றும் இல்லை. வழவழவென்று வெறும் சுவர். நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லுல! முடியலன்னு சொல்லு! ஒரு வார்த்தை சொன்னாப் போதும்!"

அவன் போனைப் பார்த்தான். அதில் மைதிலி, "அங்க யாருங்க சத்தம் போடறாங்க? கனியக்காவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதுபட அதைச் சொல்ல அவனால் முடியவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் போனைப் பிடுங்கி அணைத்தேன்.

"இப்ப சொல்லு! அவ கேக்க மாட்டா. சொல்லுய்யா, உன் காலைப் பிடிக்கேன்!"

கண் சொருகிக்கொண்டிருந்தது. என் பதற்றத்தைப் பார்த்து அவனுக்கு என் மேலேயே இரக்கம் வந்துவிட்டது போல. லேசாகச் சிரித்தான்.

"இதா... சொல்லிட்டனுங்க அக்கா."

தலை சாய்ந்தது.

"சொல்லிவிட்டதாகச் சொல்கிறார்" என்றது துணை. "பதிவு செய்துகொண்டேன். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

நான் பக்கத்துக் கட்டிலில் தொப்பென்று விழுந்தேன். "எனக்கு முடியல! செல்லக்கனி சொல்லுறேன். எனக்கு மூச்சு முட்டுது. நெஞ்சடைக்குது. காத்துக் குடு!"

இரண்டாவது முகமூடி இரைந்தது. குழாய் எட்டவில்லை. அவன் கட்டிலைக் காலால் இழுத்து என் கட்டிலோடு ஒட்டவைத்து, முகமூடியை அவன் மூக்கில் அழுத்தினேன். நெடுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நெஞ்சு ஏறி இறங்கியது. திரையில் எண் ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏறியது. நான் வாய்விட்டு அழுதேன்.

"இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்றது துணை.

"முடியல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. "இப்போது?"

"முடியல. மூச்சு முட்டுது."

கேட்டுக்கொண்டே இருந்தது, அக்கறையாக. நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். 'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை வாய்தவறி வந்துவிட்டால் தீர்ந்தது. நாள் பூராவும் நாம் எத்தனை தடவை 'பரவாயில்லை' சொல்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே சூரியன் அசையாமல் நின்றது. டாக்டரின் வண்டிச் சத்தம் கேட்கவில்லை.

என் போன் அடித்தது. அவர்தான், என் வீட்டுக்காரர். போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷன். அதிர்ச்சி தருகிற எதையும் அவரிடம் சொல்லக்கூடாது என்று டாக்டர் சொல்லி, வீட்டில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நாங்கள் மறைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு கையும் முகமூடியில். எடுக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை.

"உங்களுக்கு அழைப்பு வந்துள்ளது. இணைக்கிறேன்" என்றது துணை.

"வேண்டாம்" என்பதற்குள் இணைத்துவிட்டது.

"கனி, நல்லாருக்கியாட்டி? சாப்ட்டியா?"

இருபது வருடமாகக் கேட்கிற கேள்வி. காய்ச்சலில் கிடந்தாலும், சண்டை போட்டுப் பேசாமல் இருந்தாலும், பிரசவ வலியில்கூட நான் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் இப்போதும் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"நல்லா இல்லங்க" என்றேன். "எனக்கு மூச்சு முட்டுது."

"என்னட்டி சொல்லுத? ஏ கனி? அங்க யாரு இருக்கா? ஆசுபத்திரிக்குப் போனியா?" குரல் உடைந்துவிட்டது. "ஏ, சும்மாதான சொல்லுத? வெளயாட்டுக்குத்தான சொல்லுத?"

அவருக்கு இளைப்பது எனக்குக் கேட்டது. உள்ளே யாரையோ கூப்பிட்டார். ஏதோ உருண்டு விழுந்தது. "சும்மாதான்னு சொல்லிரு கனி" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தார்.

கூரையிலிருந்து துணையும் கேட்டது. "ஆம், சொல்லுங்கள். இப்போது எப்படி இருக்கிறீர்கள்?"

என் உள்ளங்கைக்குக் கீழே நவநீதனின் மூச்சு சூடாக வந்து போய்க்கொண்டிருந்தது. முகமூடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"முடியல" என்று என் புருஷனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.